எண்ணாமல் எழுதிய நாடி

நாற்பது கட்டில் கொண்ட காய்ச்சல் வார்டில் அந்த நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் ஆமை. மற்றவர்கள் நாடியைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். தலைக்கு மேல் வேலை இருந்தால், காய்ச்சலைப் பார்த்தே அதற்குத் தோதாக ஓர் எண்ணைப் போட்டுவிடுவதும் உண்டு. இவர் கையைப் பிடித்தால் முழு நிமிடம் விடமாட்டார். இருபத்தாறு வருஷமாகக் கேலிக்குக் குறைவில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

ஏழாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். கண் மஞ்சள், சிறுநீர் மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே வலி. சாதாரண மஞ்சள் காமாலைதான், காய்ச்சல் தானாக இறங்கிவிடும், மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் நூற்று மூன்று. நர்ஸ் நாடியை எண்ணினார், எழுபத்தாறு. மறுபடி எண்ணினார்; அதே எழுபத்தாறு. காமாலை வெளியே தெரிந்தபின் காய்ச்சல் இறங்க வேண்டும், இது அடம் பிடிக்கிறது. இவ்வளவு காய்ச்சலுக்கு நாடி எகிற வேண்டும், இதுவோ சாவகாசமாக நடக்கிறது. டைபாய்டு ஈரலைப் பிடித்தால் இப்படி ஆகும். ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். அந்த ஆளுக்குச் சரியான மருந்து கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சார்ட்டைப் புரட்டினார்.

"முந்தாநாள் நூத்திப் பத்து, நேத்து நூத்திப் பன்னெண்டு. இன்னைக்கு மட்டும் எழுபத்தாறா? நீங்கதான் தப்பா எண்ணியிருப்பீங்க."

பேசாமல் திரும்பியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"நேத்து எழுதினது நான்தான் சார். வரிசையா ஆறு அட்மிஷன். கையப் பிடிக்கவே இல்ல. காய்ச்சலையும் முந்தாநாள் நம்பரையும் பாத்து குத்துமதிப்பா போட்டுட்டேன். அந்த நம்பரும் எண்ணிப் போட்டதான்னு தெரியல."

"ஆமையுமா!" என்று யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நேரே ஏழாம் கட்டிலுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்துத் தானே எண்ணினார். எழுபத்தெட்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டைக் கிழித்துப் போட்டு, ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பி, அன்றைக்கே ஊசியைத் தொடங்கினார். மூன்றாம் நாள் டைபாய்டு கிருமி வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது.

நர்ஸுக்கு மெமோவும் வந்தது. டிரைவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர் மனைவி தயங்கித் தயங்கி வந்தார்.

"எங்களாலதானே சிஸ்டர் உங்களுக்கு இந்தக் கெட்ட பேரு?"

"உங்களால இல்லம்மா. நான் பாக்காம எழுதின நம்பர நம்பி இவர வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அதுக்குத்தான்."