மிச்சமில்லாத தட்டு

தட்டு அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. சிப்ஸும் பிஸ்கட்டும் செய்கிற கம்பெனியில், பின்கட்டில் இருக்கிற ருசி பார்க்கும் அறையில் அவளுக்கு வேலை. தடுப்பு அடித்த சின்னச் சின்ன இடங்களில் வெளியாட்கள் வந்து உட்காருவார்கள். புதிதாகச் செய்த பண்டத்தை எடை போட்டு, தட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர்கள் எழுந்து போனதும் மிச்சத்தை நிறுத்து, எடையை மேலே சொல்லிவிட்டு, தட்டைக் கழுவப் போட வேண்டும். கழுவுகிறவள் நான்.

வருகிறவர்களிடம் ஒரு தாளும் கொடுப்போம். உப்பு சரியா, மொறுமொறுப்பு போதுமா, நிறம் பிடிக்கிறதா என்று கேள்விகள். பாவம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்து யோசித்து எழுதுவார்கள். மேலே இருப்பவர்கள் அதை மேம்போக்காகப் புரட்டுவதோடு சரி. மிச்சம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். தட்டு பாதியாகத் திரும்பினால் முகம் தொங்கிவிடும், பண்டம் மறுபடி அடுப்புக்குப் போகும். காலியாகத் திரும்பினால் அன்றைக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார்கள். இத்தனை வருஷம் இதைக் கண்ணால் பார்த்தும் எங்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. காலித் தட்டு என்றால் சுரண்ட வேண்டாம், கழுவுவது சுலபம். எங்களுக்கு அந்தச் சந்தோஷம்தான்.

அக்கா கனத்த உடம்புக்காரி. வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி இல்லை. உடைந்ததும் நொறுங்கியதும் விற்பனைக்குப் போகாது. அதைப் பையில் கட்டி, சாயங்காலம் எங்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். உடைசல் என்று சொல்வோம். நாள் முழுக்க நின்றுவிட்டுப் போகிறவளுக்கு அடுப்படியிலும் நிற்க எங்கே தெம்பு? பிள்ளைகளுக்கும் உடைசல், அவளுக்கும் உடைசல். ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கு வசதி இருக்கிறது, சொல்லுங்கள்.

முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆபரேஷன் செய்தால் சரியாகும், ஆனால் எடை குறைந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லி, எடையைக் குறைக்க ஒரு கெடுவும் வைத்துவிட்டார். குறையவில்லை என்றால் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லாமல் இன்னும் கொஞ்ச நாளில் அவளால் நிற்க முடியாது. நிற்க முடியாதவளை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்?

வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் அவளே கேட்டு, தின்பண்டம் வைக்கிற அலமாரிக்குப் பூட்டுப் போட வைத்தாள். சாவி அவர் சட்டைப் பையில். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துத் திறந்துவிட்டாளாம். பூட்டுக்காரன் பெண்டாட்டியே திருடி ஆகிவிட்டேன் பார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பகலெல்லாம் பட்டினி கிடப்பாள், ராத்திரி அதற்கும் சேர்த்துத் தின்பாள். மறுநாள் காலையில் வந்து, எனக்குச் சூடு சொரணையே இல்லை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு தட்டுகளை அடுக்குவாள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ருசி பார்க்க வர வேண்டியவர்களில் ஒருத்தி வரவில்லை. மேலே இருக்கிற சின்ன மேடம் அக்காவை உட்காரச் சொன்னாள். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசுவாள். அப்போதுதான் நானும் அக்காவும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருந்தோம். வயிறு நிறைந்திருந்தது. ரெண்டே ரெண்டு எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன், நீ வேண்டுமானால் பார் என்று என்னிடம் சவால் விட்டுப் போனாள். தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

திரும்ப எடுக்கப் போனபோது தட்டில் தூள்கூட இல்லை. அக்கா தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தாளில் உப்பு அதிகம், பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். மற்ற தட்டுகளும் ஏறக்குறைய காலி. எடையைச் சொன்னதும் சின்ன மேடம் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கம்மா, எல்லாத்தையும் தின்னுட்டேன். இத்தனைக்கும் எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள் அக்கா.

"பிடிக்கணும்னு அவசியம் இல்லக்கா. கை நிக்கக் கூடாது, அதான் கணக்கு. இதுக்காக நாங்க பத்துப் பேர் எட்டு மாசமா மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள் அந்தப் பெண். முகமெல்லாம் பூரிப்பு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கழுவும் இடத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அக்கா உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"படிச்ச பிள்ளைங்க பத்துப் பேரு, எட்டு மாசம், என் கைய நிக்க விடாம பண்றதுக்குன்னே உக்காந்திருக்காங்கடி. நான் ஒருத்தி அத எதிர்த்து நின்னு தோத்துட்டு, வெட்கங்கெட்டவ வெட்கங்கெட்டவன்னு என்னையே திட்டிட்டு இருந்திருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன்.

அன்றோடு உடைசல் வாங்குவதை நிறுத்தினாள். சபதமெல்லாம் எடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஜெயிக்க முடியாது, அதனால் வர வேண்டாம் என்றாள். சொல்வது லேசு. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். செலவு கையைக் கடித்தது. முக்காலி போட்டு அடுப்பு முன் உட்கார்ந்து சமைத்தாள். வீட்டுக்காரர் முனகிக்கொண்டே காய் நறுக்கிக் கொடுத்தார். வயிறார மூன்று வேளையும் சாப்பிட்டாள், பட்டினி கிடக்கவே இல்லை. உடம்பு மெதுவாக இறங்கியது. அவள் முகத்தில் களைப்பு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு வேலை பார்க்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

டாக்டர் சொன்ன அளவுக்கு வரவில்லை, ஆனாலும் இது போதும் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். மன உறுதி இருந்தால் முடியும், பார்த்தீர்களா என்று பாராட்டினாராம். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை என்றாள் அக்கா.

லீவில் போகிற அன்று சின்ன மேடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா ருசி பார்த்தாளே, அதே பண்டம். கடைக்கு வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் படுத்திருக்கும்போது பொழுது போக வேண்டாமா, நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று அன்பாகத்தான் கொடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியுமா? வாங்கிக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன். அக்கா பெட்டியை வாட்ச்மேன் மேஜை மேல் வைக்கச் சொல்லி, மறுபடி உள்ளே அனுப்பிவிடச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். முன்பெல்லாம் தின்பதைப் பற்றி யார் எது கேட்டாலும் கூனிக் குறுகிப்போவாள்.

"இது கண்ணு முன்னாடி இருந்தா என் கை நிக்காதுண்ணே. அதான் எடுத்துட்டுப் போகல" என்றாள், பஸ் நேரம் சொல்வது போல.

வாட்ச்மேன் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எல்லாம் மனசுலதாம்மா இருக்கு. நானெல்லாம் அளவாத்தான் சாப்பிடுவேன். இங்கயே கிடக்கட்டும், விடு" என்றார்.

அக்கா திரும்பிக்கொண்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால் அவர் பெட்டியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. சீக்கிரம் நட என்றாள் என்னிடம், நடக்க முடியாதவள்.