இறக்காத சிவப்புத் துணி

தசரா அன்று காலையிலேயே காஸ்பார் துரை கொல்லைப்பக்கம் போய் ஆத்தி மரத்தில் ஒரு மடி நிறைய இலை பறித்துக்கொண்டு வந்தார். ஊரே அன்றைக்கு ஒருவர் கையில் ஒருவர் ஆத்தி இலையை வைத்து, "தங்கம் வாங்கிக்கோ" என்று கட்டிக்கொள்ளும். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த இரண்டு வருஷத்தில் அவர் கையில் ஒருத்தரும் ஓர் இலை வைக்கவில்லை. இந்த வருஷம் தானே கொண்டு போய்க் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

அவர் மனைவி துளசா மடியைப் பார்த்தாள். "யார் வாங்குவாங்கன்னு இவ்வளவு பறிச்சீங்க?"

துளசா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான். சோள ரொட்டியை வைப்பாள், அவர் முதல் வாய் எடுப்பதற்குள் எழுந்து போய்விடுவாள்.

காஸ்பார், ஐரோப்பாவில் சவாய் என்ற மலைநாட்டில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன். பிழைக்க வழி தேடிக் கப்பலேறி வந்தவர், இந்தக் கோட்டை ராஜாவிடம் பீரங்கிப் படைக்குத் தலைவரானார். இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். துளசாவின் அண்ணன் ராகோஜியும் அவரிடம்தான் வேலை பார்த்தான்.

அவர் படையில் ஒரே சட்டம். மேட்டின் மேல் நின்று இடுப்பிலிருக்கும் சிவப்புத் துணியை அவர் தூக்கிப் பிடித்தால் சுட வேண்டும். துணியைக் கீழே போட்டால் பீரங்கியை விட்டுப் போகலாம். அதுவரை ஓர் அடி நகரக்கூடாது. ஒருமுறை பயிற்சியில் ராகோஜி இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டான். மச்சான் என்றும் பார்க்காமல், பீரங்கிக் குழாயில் வெடிமருந்து இடிக்கும் நீளக்கம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாயங்காலம்வரை வெயிலில் நிற்க வைத்தார்.

இங்கிலீஷ்காரர்களின் கும்பினியோடு சண்டை வந்தது. ராஜாக்களிடம் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் தங்கள் பக்கம் வந்தால் ஆயுள் முழுக்க உபகாரச் சம்பளம் தருவதாகக் கும்பினி சொல்லி அனுப்பியது. சண்டை அன்று விடியற்காலையில் காஸ்பார், "குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று ராகோஜியிடம் சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போனார். துணி இடுப்பிலேயே இருந்தது.

அக்கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். ராஜாவின் குதிரைப்படை ஓடிய பிறகும் பீரங்கிக்காரர்கள் நகரவில்லை. நடுநடுவே தலையைத் திருப்பி வெறும் மேட்டைப் பார்த்தார்கள். கும்பினி ஆட்கள் ஈட்டியும் கத்தியுமாகப் பக்கத்தில் வரும்வரை பார்த்தார்கள்.

தசரா அன்று இலை மடியோடு பீரங்கிக்காரர் தெருவில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. கோட்டையில் இப்போது பீரங்கி ஒன்றும் கிடையாது. பிழைத்து வந்த கேரோபா, மிஞ்சிய ஒரு நீளக்கம்புக்குக் குங்குமம் வைத்து வாசலில் சாத்தியிருந்தான். அவனுக்கு ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது.

"வாங்க துரை," என்றான் கேரோபா. "குதிரை தண்ணி குடிச்சு முடிச்சிடுச்சா?"

தெரு முழுக்கச் சிரித்தது. "ஆறு வத்தியிருக்குமே!" என்றாள் யாரோ ஒரு பெண்.

காஸ்பார் ஓர் இலையை எடுத்து நீட்டினார். "தங்கம்... வாங்கிக்கோ கேரோபா."

"அது இருக்கட்டும். சிவப்புத் துணி இருக்கா?"

"இருக்கு."

"கொண்டாங்க."

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். துளசா அடுப்பை விட்டு எழுந்தாள். அவர் பின்னாலேயே தெருவுக்கு வந்தாள்.

கேரோபா அதற்குள் எழுந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் விறைப்பாக நின்றான். பீரங்கியருகே நிற்கும் பழைய நிலை அது. "நான் ஓடிரலாம்னேன் துரை. உங்க மச்சான்தான் விடல. 'துணி இறங்கல, மாப்பிள்ளை தண்ணி காட்டப் போயிருக்காரு, வந்துருவாரு'ன்னான். கடைசிவரைக்கும் அதையே சொன்னான். ம்ம், எனக்கு உத்தரவு கொடுங்க. கால் வலிக்குது."

துளசா பின்னால் மூச்சை இழுப்பது காஸ்பாருக்குக் கேட்டது. அண்ணனின் கடைசிப் பேச்சை அவள் அன்றுதான் கேட்கிறாள். தண்ணீர் காட்டப் போன கதையை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

துணியைத் தூக்கினார். தூக்கிய கை கீழே வரமாட்டேன் என்றது. இத்தனை சுலபமான வேலை. அன்றைக்கு ஆற்றங்கரையிலிருந்து செய்திருந்தால்கூட அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

விரல்களை விட்டார். துணி சேற்றில் விழுந்தது.

கேரோபா கம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணனுக்கு யாரு இறக்குவா?" என்று துளசா கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

காஸ்பார் இலையை மறுபடி நீட்டினார்.

"இந்த வருஷம் வேண்டாம் துரை," என்றான் கேரோபா.

அவர் சாகும்வரை ஒவ்வொரு தசராவுக்கும் மடி நிறைய இலையோடு அந்தத் தெருவுக்குப் போனார். கேரோபா ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னான். வர வேண்டாம் என்று மட்டும் அவன் சொன்னதில்லை. வாடிய இலைகளைத் துளசா வாங்கி ஆட்டுக்குப் போடுவாள்.