பத்தொன்பதாவது படி

கம்ப்யூட்டரில் கட்டடப் படம் போடுகிற தொழிலில் ஒரு கதவை ஆயுசுக்கு ஒரே தடவைதான் வரைவோம். அதற்கப்புறம் எடுத்து எடுத்து ஒட்டுவதுதான் பிழைப்பு. கதவு, ஜன்னல், சிங்க், மாடிப்படி என்று வரைந்து வைத்த துண்டுகளுக்கு ‘பிளாக்’ என்று பேர். அம்புட்டையும் போட்டு வைக்கிற பெட்டிக்கு லைப்ரரி. மதுரையில் ஒரு சின்ன என்ஜினியர் ஆபீஸில் பதினோரு வருஷமாக அந்தப் பெட்டிக்கு நான்தான் காவல். இதே காவல் வேலை பார்க்கிற பாவப்பட்ட ஜீவன்களே, நீங்கள் ஏன் எந்நேரமும் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவன் தப்புப் பண்ணினால் ஒரு வீட்டோடு போச்சு. நம் தப்பு ஊர் பூராவும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு கதவு, ஏழு வீடு

எங்கள் ஆபீஸில் படம் போடுகிற செல்வி, ஒரு வீட்டுக்காக பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினாள். மாற்றியதை வேறு பேரில் சேமிக்காமல் லைப்ரரியில் இருந்த மூலத்திலேயே சேமித்துவிட்டாள். மூலம் மாறினால் அதைக் கோத்திருக்கிற படமெல்லாம் தானாக மாறும். ஏழு வீட்டில் பாத்ரூம் கதவு வெளியே திரும்பிக்கொண்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “மூலத்தைத் தொடாதே, வேறு பேரில் சேமி” என்று கொட்டை எழுத்தில் எழுதி அவள் மானிட்டரில் ஒட்டினேன். ஆறு வீட்டுப் படங்களைப் பிடித்துத் திருத்திவிட்டோம். ஏழாவது, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வாத்தியார் வீடு, கட்டியே முடித்துவிட்டார்கள். பாத்ரூம் கதவைத் திறந்தால் அது சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாத்தியார் ஆபீஸுக்கே வந்துவிட்டார். “தம்பி, பாத்ரூம் கதவு திறந்து கெடக்குற வரைக்கும் எங்க வீட்டம்மா அடுப்படிக்குள்ள ஜெயில்ல இருக்காங்க.”

மேஸ்திரியின் கண்

பாண்டி மேஸ்திரி எங்கள் படங்களை முப்பது வருஷப் பழக்கத்தில் கட்டுகிறவர். படம் ஒன்று சொல்லும், அவர் கண் ஒன்று சொல்லும். கண் சொன்னதையே கட்டுவார். ஒரு வீட்டில் ஜன்னலை அவர் இஷ்டத்துக்கு அரையடி தள்ளி வைத்துவிட்டார். அலமாரி அடிக்க வந்த தச்சருக்கு இடம் பத்தவில்லை.

அத்தனை ஆள் முன்னாலும் நான் கத்தினேன். “படத்துல என்ன இருக்கோ அதக் கட்டுங்க. உங்க கண்ணளவெல்லாம் இனிமே வேணாம்.” வயசில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சரிங்க சார். இனிமே படம் சொல்றதுதான், என் கண்ணு சொல்றது இல்ல.”

லாபம், நட்டம்

சிம்மக்கல்லில் வாழைப்பழ மண்டி வைத்திருக்கிறவர் வீடு கட்ட வந்தார். படத்தில் மாடிப்படியைக் கண்டதும் ஆள்காட்டி விரலை வைத்து, “லாபம், நட்டம், லாபம், நட்டம்” என்று எண்ண ஆரம்பித்தார். நம் ஊரில் இது தெரியாதவர் யார்? கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எங்கள் லைப்ரரிப் படி, பத்தடி உயரத்துக்கு ஆறு அங்குலம் வீதம் இருபது. நட்டத்தில் வந்து நின்றது. மனிதருக்கு முகம் கறுத்துப்போனது.

அவர் வீட்டுக்குத் தள உயரம் ஒன்பதரை அடிதான். ஒரு படியை எடுத்துவிட்டால் பத்தொன்பது; கணக்கும் சரி, லாபமும் சரி. அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவசர அவசரமாக எடுத்தேன், சேமித்தேன், அச்சடித்துக் கையில் கொடுத்தேன். “இப்பத்தாண்ணே நெஞ்சு எறங்குச்சு” என்றார்.

நான் எண்ணியது

மூன்று வாரம் கழித்து, உசிலம்பட்டி ரோட்டு வீடு ஒன்றின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படி ஏதோ குட்டையாகத் தெரிந்தது. எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். செல்வி மானிட்டரில் நான் ஒட்டிய சீட்டு என்னையே முறைத்தது. மூலத்தில் சேமித்தவன் நான்.

இந்த மூன்று வாரத்தில் வெளியே போன படங்களைத் தேடினேன். நாலு. மூன்று இடத்தில் இன்னும் அஸ்திவாரமே முடியவில்லை. நாலாவது, அவனியாபுரத்தில் ஏற்கெனவே பாதி கட்டியிருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரி; மாடிப்படிப் படம் மட்டும் அப்போதுதான் போயிருந்தது. தளம் பத்தடி. பதினெட்டுப் படி ஆறு அங்குலமாக ஏறி, பத்தொன்பதாவது மட்டும் முழுசாக ஓரடி. கான்கிரீட் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அதைக் கட்டுகிற பாண்டி மேஸ்திரிக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. என்ஜினியரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தாதது இன்னும் பயமாக இருந்தது. “மாப்ள, அங்க ஏறப்போறவ ஒவ்வொருத்தியும் ரெட்டை உசுரா ஏறுவாடா.”

அவனியாபுரம்

ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. யாராவது விழுந்து கிடப்பதுபோலவே கண்ணுக்குள் ஓடியது. முருகா, முருகா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

மணல் குவியல் மேல் சித்தாள் முத்துலட்சுமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கட்டு. காலையில் செங்கல் சுமந்து ஏறும்போது கடைசிப் படியில் கால் தட்டி விழுந்திருக்கிறாள். நாலு தையல். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அலைச்சலில்தான் மேஸ்திரி போனை எடுக்கவில்லை.

“ஓரடி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியலயா?” என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “தெரிஞ்சுச்சு சார். நீங்கதான கண்ணளவு வேணாம்னீங்க” என்றார்.

முத்துலட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, படியை இடித்து வேறு கட்டச் சொல்கிறோம், வைத்தியச் செலவு நான் பார்க்கிறேன் என்றெல்லாம் உளறினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி விழ வேண்டிய இடத்தில் இவள் விழுந்திருக்கிறாள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன் சார், படம் போடுற எடத்துல படியே கெடையாதா? நீங்கல்லாம் ஏறி எறங்குறதே இல்லையா?”

அந்தப் படியை இடித்துக் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. இன்னமும் எந்த மாடிக்குப் போனாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேதான் ஏறுகிறேன், அது லாபமா நட்டமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.