வரம்புக்குக் கீழே ஒரு குடும்பம்

என் மனைவியின் வீட்டில், என் மகள் பிறந்த அதே வீட்டில், வாராவாரம் என்னை விருந்தாளி என்று பதிவு செய்ய வேண்டும். திருப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். யாங்கோனில் வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓர் இரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். ஏசாயின் என்பார்கள்; விருந்தாளிப் பதிவு. கல்யாணமான புதிதில் மாமனார் என்னை லான்மடாவ் வார்டு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். மேசைக்குப் பின்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "பெதோ ப்யன்மலே?" என்றார். எப்போது திரும்புவாய் என்பது வரை எனக்குப் புரிந்தது. "ஞநே" என்றேன். சாயங்காலம். அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் மாமனார் சொன்னார்: "மாப்ளே, ஃபேக்டரிலேர்ந்து எப்ப வருவீங்கன்னு அவன் கேக்கல. இந்தியாவுக்கு எப்பத் திரும்பிப் போவீங்கன்னு கேட்டான்." நானும் சிரித்தேன். அந்த மனிதர் அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியைக் கேட்டார். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

நான் பனியன் ஊர்க்காரன். கட்டிங் மேசையில் நின்று வளர்ந்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் யாங்கோன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் வெளிநாட்டு முதலாளி ஒருவர் நடத்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குக் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளனாக வந்தேன். திருப்பூரில் தறியும் தையலும் தெருவுக்கே கேட்கும். டீக்கடையில் நிற்கிறவனும் ஏற்றுமதி பேசுவான். இங்கே அத்தனை மெஷின்களும் ஒரு கம்பி வேலிக்குள் ஓடும், வேலியைத் தாண்டினால் தவளைச் சத்தம்தான். சந்தனக் குழம்புபோல் தனாக்கா பூசிய பெண்கள் ஆயிரக்கணக்கில் காலையில் லைன்கார் என்கிற பஸ்களில் வந்து இறங்குவார்கள். எனக்குத் தெரிந்த பர்மியச் சொற்கள் துணி, கத்திரி, சீக்கிரம், இவ்வளவுதான். முதல் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து தொழிற்சாலையின் மருந்தறையில் கிடந்தபோது, நர்ஸ் என் நெற்றியைத் தொட்டுவிட்டு, "அனலா கொதிக்குதே, யாரும் கூட வரலியா?" என்று தமிழில் கேட்டாள். பர்மிய லுங்கி கட்டியிருந்தாள், முகத்தில் தனாக்கா. பெயர் மா கின் என்று அட்டையில் எழுதியிருந்தது. வீட்டுப் பெயர் ரூபி. மிஷன் பள்ளியில் படித்த குமாஸ்தாக் குடும்பம். அவள் அப்பா டேனியல் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவர்கள் தமிழில் எங்கள் ஊரில் மறைந்துபோன சொற்கள் இருந்தன. கடிதத்தைக் கடுதாசி என்பார்கள், ஆஸ்பத்திரியை ஆசுபத்திரி என்பார்கள். அந்தத் தமிழைக் கேட்டே நான் பாதி விழுந்துவிட்டேன்.

மாமனார் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "எம் பொண்ண எங்கியும் கூட்டிப் போகாதீங்க." சரி என்றேன். கோயிலில் கல்யாணம் நடந்தது, சிலுவை வைத்த அவர்கள் கோயில். அடுத்த வருடம் ரெபெக்கா பிறந்தாள். தெருவே அவளை மீமீ என்று கூப்பிட்டது. தகப்பன் அந்நியன் என்பதால் அவளுடைய காகிதங்கள் மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருந்தன.

அமெரிக்கா பர்மாத் துணியை இனி வாங்குவதில்லை என்று அறிவித்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் முதலில் ஒரு வரிசை நின்றது. மூடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது நாற்பது மெஷின்களின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அடுத்த மாதம் பக்கத்து வரிசைக்கும் போர்த்தினார்கள். மீதி இருந்த பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் தைத்தார்கள். நான் இந்த நாட்டில் தங்க அனுமதி கம்பெனி பெயரில்தான் இருந்தது. கம்பெனி போனால் நானும் போக வேண்டும். அப்படியானால் எல்லாரும் திருப்பூருக்கே வந்துவிடுங்களேன் என்று அண்ணன் எழுதினான். மீமீக்குப் பாஸ்போர்ட் இல்லை. அவளை விட்டுவிட்டு ரூபி எப்படி வருவாள்?

அப்போதுதான் சிங்கப்பூரில் முதியோர் இல்லம் ஒன்றில் ரூபிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் முன்னால் போவது. சம்பளம் உயர்ந்ததும் கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வது. அதற்குள் மீமீயின் பாஸ்போர்ட் வந்துவிடும். திட்டம் காகிதத்தில் சரியாக இருந்தது. மனைவி போய்க் கணவனை அழைப்பதை என் ஊர் ஏற்காது என்று நினைத்துக் கொஞ்ச நாள் அண்ணனிடம் சொல்லவே இல்லை.  அவள் கிளம்பிய காலையில் மாமனார் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே போன பிறகுதான் சட்டத்தின் கூர்மை தெரிந்தது. குடும்பத்தை அழைக்க வேண்டுமானால் மாதச் சம்பளம் ஒரு வரம்பைத் தொட வேண்டும். ரூபியின் சம்பளம் தொடவில்லை. அதிகம் இல்லை, கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள்தான் நானும் மீமீயும் இருந்தோம். ஓவர்டைம் செய்தாள், ஓவர்டைம் கணக்கில் வராது என்றார்கள். யாங்கோனில் எனக்கு வேலை இருப்பதையும் திருப்பூரில் எனக்கு வீட்டில் பங்கு இருப்பதையும் சொல்லிப் பார்த்தாள். அழைக்கிறவரின் சம்பளம் மட்டும்தான் பேசும் என்றார்கள். நம் ஊரில் ஒருவருக்குப் பெண் கொடுக்க வருமானம் கேட்பார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, கணவனோடு இருக்க இவளிடம் வருமானம் கேட்டார்கள்.

எங்கள் மாடிக்குக் கீழே காதர் பாயின் துணிக்கடை. தெருவில் தொலைபேசி வைத்திருந்த சிலரில் அவரும் ஒருவர். ஞாயிறு மத்தியானம் ரூபி கூப்பிடுவாள். பாய் அண்ணாந்து "மாப்ளே, சிங்கப்பூர்!" என்று கத்துவார். முதலில் மீமீ பேசுவாள், பர்மிய மொழியில், மூச்சு விடாமல். பிறகு என்னிடம் கொடுப்பாள். பேச்சுக்கு நடுவே கிளிக் கிளிக் என்று சத்தம் வரும். யாரோ கேட்கிறார்கள் என்பார்கள். பழைய கம்பி என்பார்கள் சிலர். இரண்டையும் நம்பி அளந்து பேசிப் பழகியிருந்தோம்.

அந்த ஞாயிறு ரூபி அளக்கவில்லை; குரல் மட்டும் அடங்கியிருந்தது.

"ஏங்க, கேக்குதா? இங்க எங்க இல்லத்து மேடம் ஒண்ணு சொல்றாங்க. சம்பளத்தக் கடுதாசில கூட்டி எழுதித் தர்றாங்களாம். வரம்பு வந்திடும். கூட வர்றத மாசாமாசம் நான் கையில திருப்பிக் குடுத்திடணும்."

"இப்படி வேற யாராச்சும் செஞ்சிருக்காங்களா?"

"ரெண்டு பேரு இப்படித்தான் குடும்பத்தக் கூட்டியாந்திருக்காங்க. அவங்க மேடம் முன்னால வாயே தெறக்க மாட்டாங்க. ஏன்னு இப்பத்தான் தெரியுது. நானும் கையெழுத்துப் போடணும்ல. பயமா இருக்கு. மீமீ குரலக் கேட்டா பயம் போயிடுது. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் செய்வேன்."

மீமீ என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதர் பாய் துணி அளப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை இங்கே வைத்திருந்தார்.

"வேண்டாம்னு சொல்ல மனசு வரல ரூபி," என்றேன். "ஆனா இது வேண்டாம். இன்னைக்கு அவங்க எழுதற பொய் நாளைக்கு உன் கழுத்துல கயிறு. நாம வேற வழி பாக்கலாம்."

 ரூபி, ரூபி என்று கூப்பிட்டேன். கம்பி எப்போதோ செத்திருந்தது. எந்தச் சொல்லோடு செத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

காதர் பாயின் தொலைபேசியில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. மறுநாள் வேலைக்குப் போகாமல் தந்தி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் தாண்டி இணைப்புக் கிடைத்தது. எடுத்தது முதியோர் இல்லத்தின் முதலாளியம்மா. ரூபி வேலையில் இருக்கிறாள், பேச முடியாது, செய்தி இருந்தால் சொல் என்றார். அவரிடமே நான் என்னத்தைச் சொல்வது?

"ப்ளீஸ், டெல் ஹர் நோ," என்றேன்.

"நோ மெசேஜ்?"

"யெஸ். நோ. தட் இஸ் த மெசேஜ்."

"ஓகே, ஓகே, நோ மெசேஜ்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடிதம் எழுதினேன். கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்படும் என்பதால் அதிலும் சுற்றி வளைத்துத்தான் எழுத முடிந்தது. அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பாயின் தொலைபேசியே வேலை செய்யவில்லை. தெரு முழுக்கக் கம்பி பழுது. தொழிற்சாலையில் வெள்ளைத் துணி என் கட்டிங் மேசைக்குப் பக்கத்து வரிசை வரை வந்துவிட்டது. மழை விடாமல் பெய்தது. சாப்பிடும்போதும் துணி வெட்டும்போதும் பாதியில் நின்ற அந்த வாக்கியத்தைப் பல இடங்களில் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை ஓயும் சமயத்தில், ரூபியோடு வேலை பார்த்து, விடுமுறையில் ஊருக்கு வந்த பர்மிய நர்ஸ் ஒருத்தி படியேறி வந்தாள். மீமீக்குச் சட்டை, மாமனாருக்குத் தைலம். உட்காருவதற்கு முன்பே சிரித்துக்கொண்டு, அண்ணன் முறை வைத்துப் பர்மிய மொழியில் சொன்னாள்: "அகோ, உங்களுக்கும் பாப்பாவுக்கும் அனுமதி வந்துடுச்சு. பாப்பா பாஸ்போர்ட் வந்ததும் கிளம்பலாம்." மாமனார் "ஸ்தோத்திரம்" என்றார். நான் எழுந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவள், பர்மிய மொழி எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதையே இன்னும் உரக்க, இன்னும் மெதுவாக, மறுபடி சொன்னாள்.

தந்தி அலுவலகத்துக்கு ஓடினேன். இம்முறை அவள் தங்கும் விடுதியின் எண்ணை அந்த நர்ஸ் கொடுத்திருந்தாள்.

"ஏன் ரூபி? நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"நீங்க எங்க சொன்னீங்க? வேண்டாம்னு சொல்ல மனசு வரலன்னு சொன்னீங்க. அப்பறம் பேச்சே இல்ல. அழறீங்கன்னு நெனச்சேன். உங்க மனசு எனக்குத் தெரியாதா? அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுட்டேன்."

பிறகு அழுதவள் அவள்தான். இரண்டு மாதமாக வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது முதலாளியம்மா இல்லத்தின் இன்னொரு வார்டையும் அவள் தலையில் கட்டியிருந்தார். ரூபியின் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். கேட்டால் ஒன்றும் திட்டுவதில்லையாம். "உன் குடும்பம் எப்ப வருது?" என்று மட்டும் அன்பாகக் கேட்பாராம்.

"அந்த வார்த்தையக் கேட்டாத்தான் எங்கியாச்சும் ஓடிடலாம்னு தோணுது," என்றாள் ரூபி.

"நாங்க வரல. நீ அந்த எடத்த விட்டு வெளிய வா," என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னேன். அவளையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சின்னப் பிள்ளைபோல் திருப்பிச் சொன்னாள்.

வெளியே வருவது எளிதாக இருக்கவில்லை. ராஜினாமா கொடுத்தபோது முதலாளியம்மா, "கையெழுத்து ரெண்டு பேருடையதும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ," என்று மட்டும் சொன்னாராம். பாஸ்போர்ட்டைக் கடைசி நாள் வரை தரவில்லை. எங்கள் அனுமதியை ரூபியே விண்ணப்பித்து ரத்து செய்தாள். வேறொரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். உண்மையான சம்பளம், வரம்புக்கு இன்னும் கீழே. அவள் அங்கே நர்ஸாக இருக்கலாம். எங்களுக்கு மனைவியாகவும் தாயாகவும் இருக்க அந்தச் சம்பளம் போதாது. பழைய பொய் ஏதோ ஓர் அலுவலகத்தின் அலமாரியில் அவள் கையெழுத்தோடு கிடக்கிறது. ஒவ்வொரு முறை வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் அதை யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்று பதில் வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தொழிற்சாலை அந்தக் குளிர்காலத்தில் மூடியது. காதர் பாய்தான் கைகொடுத்தார். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே மாப்ளே இருந்தேன், கேக்காத மாதிரி இருக்க முடியுமா?" என்று சொல்லித் துணி இறக்குமதிக்குத் துணையாளாகச் சேர்த்துக்கொண்டு, வியாபார விசாவுக்குக் கடிதம் தந்தார். அந்த விசா பத்து வாரம்தான் தாங்கும். முடியும்போது நாட்டை விட்டு வெளியே போய்ப் புது விசாவோடு திரும்ப வேண்டும். வெளியே என்றால் எனக்குச் சிங்கப்பூர். மனைவி அழைத்து வர முடியாத நாட்டுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறேன். மீமீயின் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை; அவளைக் கூட்டிப் போக முடியாது.

போன மாதமும் போனேன். குடிநுழைவு மேசையில் இருந்த இளைஞன் சீனன், முகம் பார்க்காமல் கேட்டான், எதற்கு வருகிறாய் என்று. சுற்றிப் பார்க்க என்றேன். இங்கே யாராவது உறவினர் உண்டா என்றான். ஒரு நொடி யோசித்தேன். மனைவி என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி அந்த அலமாரியைத் திறக்குமோ என்று பயம். ஃப்ரெண்ட் என்றேன். ரூபியின் விடுதியில் ஆண்கள் வரக் கூடாது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவள் கட்டி வந்த சோற்றைச் சாப்பிட்டோம். அவள் தமிழ் இப்போது அந்த ஊர் இழுப்போடு வருகிறது. என் தமிழில் பர்மியச் சொற்கள் கூடிவிட்டதாக அவள் சிரித்தாள். மீமீக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். எந்தப் பல் என்று தன் வாயில் தொட்டுக் காட்டிக் கேட்டாள். பொழுது சாய்ந்ததும் அவள் ஒரு பஸ்ஸில் ஏறினாள், நான் இன்னொன்றில்.

யாங்கோனின் மிங்கலாடோன் விமான நிலையத்தில் வெளியே வரும் வழியில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அந்தப் பக்கம் மாமனார் மீமீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் அவளிடம் சொல்கிறோம். என்னைக் கண்டதும் கண்ணாடியில் கையை வைத்தாள், சிரித்தாள். பிறகு எக்கி, என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் வரும்வரை அவள் பார்வை அங்கேயே இருந்தது. நின்று நானும் திரும்பிப் பார்த்தேன்.