சாமி மேடையில் நான்காம் பாகம்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். செமோரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் எதுவும் எழுதுவதில்லை.

சரஸ்வதி பூசை அன்று காலை, வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி மேடையில் வைத்தேன். எங்கள் வீட்டில் அன்று யாரும் படிக்கக்கூடாது. மறுநாள் காலை ஆறரைக்குப் பூசை முடிந்த பிறகுதான் எடுக்கலாம். ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தபோது அம்மா அப்படித்தான் செய்தார், நானும் மாற்றவில்லை.

சாயங்காலம் மகள் பதறிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"மா, மேசையில இருந்த கதை புக்கு எங்க?"

மேடையைக் காட்டினேன். அடுக்கின் மேலேயே இருந்தது. ஏழு ஆறுகளைத் தாண்டிப் போகும் ஓர் அண்ணன் தங்கையின் கதை, மலாயில். ஆற்றுக்கு ஒரு பாகம், இது நான்காவது. அவளுடைய எதிர்வீட்டுத் தோழி இரவல் கொடுத்தது. அவர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜொகூருக்குக் குடிபோகிறார்கள். அதற்குள் திருப்பித் தர வேண்டும்.

"இன்னும் நாப்பது பக்கம் இருக்கு மா. தங்கச்சி மலைக்குள்ள மாட்டிக்கிட்டா, கதவு மூடிருச்சு. நான் எப்படி தெரிஞ்சிக்கிறது?"

"சாமிகிட்ட வச்சத எடுக்கக்கூடாதுலா."

"பாட புக்குதான் சாமிக்கு. இது கதை புக்கு!"

சோபாவிலிருந்த அவள் அப்பா சிரித்தார். "சரஸ்வதியே இன்னைக்கு படிச்சு முடிச்சிருவாங்க. நாளைக்கு அவங்கள கேட்டுக்க."

"நீங்க டியாமா இருங்க," என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இரண்டு தடவை மேடைப் பக்கம் போனேன். புத்தகத்தை எடுக்கக் கை வரவில்லை.

எனக்கு இன்னொரு வழி இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கதவு திறக்கும். ஆனா அவ திறக்கல."

"உங்களுக்கு எப்படி தெரியும்?"

"படிச்சேன்."

"நாலு புக்குமா?"

"ம். வேலைக்கு போற பஸ்ல."

"ஐயோ மா, கள்ளி! சொல்லவே இல்ல!"

படிக்கத்தானே கூடாது, சொல்லலாம். சிம்பாங் பூலாய் பக்கம் நிற்கிற மலை போல அதுவும் வெள்ளைக் கல் மலை என்று ஆரம்பித்தேன். தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தங்கை இருட்டில் நடப்பதைச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. நடுவில் வௌவாலை விட்டுவிட்டேன், "வௌவால் என்னாச்சு?" என்று கேட்டாள். திரும்பிப் போய் அதையும் சேர்த்தேன். அவள் அப்பா சோபாவில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"அண்ணன் உயிரோட இருக்கானா?"

"இருக்கான். அவன்தான் வெளியிலேர்ந்து கதவ திறக்கிறான். ஆனா வந்து நிக்கிறது தங்கச்சின்னு அவனுக்கு தெரியல."

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அஞ்சாவது பாகம் வேணும்மா."

"எனக்கும்தான்," என்றேன்.

மறுநாள் ஆறரைக்குப் பூசை முடிந்தது. புத்தகத்தின் அட்டையில் குங்குமக் கறை துடைத்தும் போகவில்லை. மகள் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏழு இருபதுக்கு லாரி கிளம்பியது. நான் மதிய ஷிப்டுக்குப் போனேன்.