இடது கைப் பிறைகள்

ஆட்கள் குடிவருவதற்கு முன் புது வீடுகளைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. ஜன்னலில் சுண்ணாம்பு, தரையில் சிமெண்ட், எதுவானாலும் அவளிடம் ஒரே மருந்து ஆசிட். அவளைக் கண்டாலே கறை ஓடிவிடும் என்று கல் பதிக்கிறவர் கேலி செய்வார். மட்டம் பார்க்காமல் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்க மாட்டார் என்பதால் அவருக்கு ரசமட்டம் என்று பேர். இந்த வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்ததும் அவர்தான்.

"அக்கா, இது மார்பிள். தண்ணி, மெத்துனு ஒரு துணி. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

கூடத்து மூலையில் நாலைந்து சிமெண்ட் சொட்டுகள் காய்ந்து கிடந்தன. வீட்டுக்காரம்மா பார்த்தால் ரசமட்டத்துக்குத்தானே கெட்ட பேர் என்று ஒரு மூடி ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துடைத்தாள். கல் புசுபுசுவென்று நுரைத்தது. அழுக்குதான் கிளம்புகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலையில் அந்த மூலை சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்தது.

வீட்டுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாடிக்குக் கல் பதிக்கிற வேலையும் உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தேன். இதப் பார்த்தா யோசிக்க வேண்டியிருக்கு."

ரசமட்டம் மண்டியிட்டுத் தண்ணீர் தெளித்தார். மங்கல் மறைந்தது, உலர்ந்ததும் திரும்பி வந்தது. நகத்தால் வருடினார், சொரசொரத்தது. "உள்ள ஒண்ணும் இல்ல. மேல்தோல்தான் அரிச்சிருக்கு," என்று முணுமுணுத்தார். வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மங்கல் பிறை பிறையாக, இடது கைக்காரர் வீசித் துடைத்த வாகில் இருந்தது. அவர் கண் அவளுடைய இடது கைக்குப் போய், சட்டென்று திரும்பிவிட்டது.

"கல்லே அப்படித்தான் வந்திருக்கும்மா. நான் பார்த்து எடுத்திருக்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கையிலிருந்த துணியை முறுக்கினாள், பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"கல்லு மேல தப்பில்லம்மா. அவர் மேலயும் இல்ல. நான்தான் ஆசிட் போட்டேன். வேண்டாம்னு சொல்லியிருந்தார்."

அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்காரம்மா குனிந்து அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார். "சரியாகுமா?"

"தேய்ச்சு பாலிஷ் போட்டா வரும். ரெண்டு நாள் ஆகும்," என்றார் ரசமட்டம்.

"முதல்ல இது வரட்டும். மாடியப் பத்தி அப்புறம் பேசலாம்."

வீட்டுக்காரம்மா போனதும் ரசமட்டம் பையிலிருந்து தேய்க்கிற வில்லையை எடுத்து நீட்டினார். "புடிங்கக்கா. கெடுத்த கைதான, அதாலயே தேயுங்க."

அவள் கல்லை நனைத்துவிட்டுக் குனிந்தாள். ஈரத்தில் அது குறையே இல்லாததுபோல் மின்னியது. காய்ந்தால்தான் தெரியும் என்று அவள் அந்த மினுக்கை நம்பாமல் தேய்த்தாள்.