புகை இல்லாத வெள்ளிக்கிழமைகள்

தவக்காலத்தில் ஒவ்வொரு சமையலுக்கும் மகள் ஒரு பிடி கூப்பன் பங்கீட்டு அரிசியைத் தகரப் பேணியில் போட்டு வந்தாள். இன்று காலை நானும் கணவரும் மகளுமாக அதை அடுத்த வளவில் தனியே இருக்கும் பார்வதியக்காவிடம் கொடுக்கப் போனோம்.

"நில்லுங்கோ" என்றவர், குசினிக்குள் போய்ச் சிறு பானையோடு வந்தார். அதிலும் அரிசி.

"வெள்ளிக்கிழமையில உங்கட குசினியில புகையைக் காணேல்ல. இவருக்குத் துறைமுகத்தில வேலை போச்சாக்கும், பிள்ளையும் பட்டினியாக்கும் எண்டு நினைச்சன். நானும் பிடி பிடியா எடுத்து வைச்சனான்."

நாங்கள் வெள்ளிகளில் அடுப்பு மூட்டாதது ஒருசந்தி நோன்புக்காக. பூசையில்கூட எனக்கு இப்படி மேல் சிலிர்த்ததில்லை.

மகள் பானையை இரு கைகளாலும் வாங்கினாள்.

இன்றும் வெள்ளிதான். அக்கா புகையைப் பார்க்கட்டும் என்று அடுப்பை மூட்டிவிட்டோம். நோன்பு முறிந்தது என்பவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், உங்களுக்கும் சோறு காணும்.